பாட்டுக்குப் பூட்டு!

தாளம் தட்டினால் நாடு கெட்டுவிடுமா? கெட்டுவிடும் என்றே அலறினர் பெரிய மனிதர் பலர். 1956-இல் அமெரிக்காவில் 'ராக் அண்ட் ரோல்' என்னும் துள்ளிசை பரவியபோது, பாதிரிமார் பழித்தனர். சில ஊர்களில் பொது இடங்களில் அந்த ஆட்டமே கூடாது என்று தடை போட்டனர். இங்கிலாந்திலோ, அந்த இசையைக் காட்டிய படத்தையே நகர மன்றங்கள் சில விரட்டியடித்தன.

அத்தனை ஆத்திரம் ஏன்? கறுப்பர் தெருவில் பிறந்த இசை அது. அதற்கு வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளும் கால் போட்டு ஆடினர். அதுதான் பொறுக்கவில்லை! அதே ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், பர்மிங்காம் நகரில், நாட் கிங் கோல் என்னும் கறுப்பினப் பாடகரை மேடையேறித் தாக்கினர் வெள்ளை வெறியர். அவர் பாடி வந்ததோ மென்மையான காதற்பாட்டு, துள்ளிசைகூட அல்ல. வெறியருக்கு அந்த வேறுபாடு எதற்கு? பாடியவரின் தோல் போதும்!

அமெரிக்கக் கதை சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் எதற்கு என்று கேட்பீர்கள். இங்கும் பூட்டு விழுந்தது, தோழர்களே! அமெரிக்கனுக்கு முன்பே விழுந்தது.

1952-இல் டில்லியில் செய்தி, ஒலிபரப்புத் துறை அமைச்சரானார் பி. வி. கேஸ்கர். திரைப்பாட்டு மட்டமானது, மேல்நாட்டு மெட்டைக் காப்பியடிப்பது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டின் நேரம் சுருக்கப்பட்டது. பாட்டோடு படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினர். பம்பாய்ப் பட முதலாளிகள் முறைத்துக்கொண்டு உரிமத்தைத் திரும்பப் பெற்றனர். மெட்டுத் திருட்டு நடக்கவில்லை என்று நாம் வாதாட வரவில்லை. நடந்தது, ஏராளமாகவே நடந்தது. ஆனால் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் வானொலியில், மக்கள் எதைக் கேட்கலாம் என்று தீர்ப்புச் சொல்ல ஓர் அமைச்சரின் செவி மட்டும் போதுமா?

மக்கள் என்ன செய்தனர்? ஊர்வலம் போகவில்லை, முழக்கம் போடவில்லை. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகினர். கொழும்பு கிடைத்தது! இலங்கை வானொலி அள்ளி அள்ளிக் கொடுத்தது. நம் சேலத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையிலே இருந்தது. 1950-இல் 'மந்திரி குமாரி' அங்கிருந்துதான் வந்தது. சேலத்துப் படத்தின் பாட்டு, கடல் தாண்டிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து திரும்பி, ராசிபுரத்துத் தேநீர்க் கடைக்கு வரவேண்டும்! ஐந்து ஆண்டு கழித்து, 1957 அக்டோபர் 3-ஆம் நாள், 'விவித் பாரதி'யைத் தொடங்கித் திரைப்பாட்டுக்குக் கதவைத் திறந்தது டில்லி. கேட்பவன் கொழும்புக்குப் போய்விட்டான் என்பது அப்போதுதான் உறைத்தது போலும்.

மேல்நாட்டுச் சரக்கு ஆகாது என்றால் பிடில் எந்த நாட்டுச் சரக்கு? அது கச்சேரி மேடையில் பாடகர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறது. ஆர்மோனியத்துக்கு மட்டும் 1940-இல், வெள்ளையர் ஆட்சியிலேயே, வானொலி வாசல் சாத்தப்பட்டது. கமகம் பேசாது என்று குற்றம். தெருக்கூத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் சோறு போட்ட பெட்டி அது!

அதே 1940-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம், பி. யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட 'உத்தம புத்திரன்'. கதை பிரெஞ்சுக் கதை. அன்னியம் என்று அதை யாரும் ஒதுக்கவில்லை. 1958-இல் அதே பெயரில், அதே கதையோடு, சிவாஜி கணேசன் நடித்த படம் சென்னையில் உருவாயிற்று. அதில்தான் ஹெலன் ஆட, துள்ளிசைத் தாளத்தில் 'யாரடி நீ மோகினி' முழங்கிற்று. மெட்டமைத்தவர் மேல்நாட்டு மோகம் தலைக்கேறிய சிறுவரா? இல்லை! 'மந்திரி குமாரி'க்கு இசை தந்த ஜி. ராமநாதன். இராகங்களில் ஊறியவர், கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர். அவர் கையில் கல்யாணியும் இருந்தது, ராக்கும் இருந்தது. எது தூய்மை, எது தீட்டு என்று அவர் யாரிடமும் சீட்டுக் கேட்கவில்லை.

ராமநாதன் 1963-இல் மறைந்தார். வானொலியில் ஆர்மோனியத்தின் மேலிருந்த தடை 1971-இல்தான் தளர்ந்தது. அதுவும் முழுமையாக அல்ல.