தோலோடு நில்லாத நோய்: சொரியாசிஸும் அதன் பின்விளைவுகளும்

முழங்கையிலும் முழங்காலிலும் தலைத்தோலிலும் தடித்த திட்டுகள் தோன்றி, அவற்றின்மேல் வெள்ளி நிறச் செதில்கள் படிந்து உதிர்வது சொரியாசிஸ் நோயின் பொதுவான தோற்றமாகும். வெளிர்ந்த தோலில் இத்திட்டுகள் சிவந்து காணப்படும். நம்மவருள் பலர்க்கு இருக்கும் கருநிறத் தோலிலோ கரும்பழுப்பாகவோ ஊதா கலந்த சாம்பல் நிறமாகவோ தோன்றும். சிவப்பைத் தேடுவோர் நோயை அறியத் தவறுவதும் உண்டு.

சித்த மருத்துவ வழக்கில் இந்நோய் காளாஞ்சகப்படை எனப்படும். 'படை' என்னும் சொல் தொற்றக்கூடிய தோல் நோய்களுக்கும் வழங்குவதால், இதுவும் ஒட்டிக்கொள்ளும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் அடிப்படையற்றது. கைகுலுக்குவதாலோ, உடன் உண்பதாலோ, ஒரே நீச்சல் குளத்தில் குளிப்பதாலோ சொரியாசிஸ் பரவாது. முற்காலத்தில் மேனாட்டு மருத்துவரும் இதனைத் தொழுநோயோடு குழப்பிக்கொண்டனர். வியன்னா மருத்துவர் பெர்டினண்ட் வான் ஹெப்ரா 1841ஆம் ஆண்டில் இரண்டும் வேறு என்பதைத் தெளிவுபடுத்தினார்.

நோயின் மூலம்

நலமான தோலின் அடியில் பிறக்கும் உயிரணு மேற்பரப்பை அடைந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் கண்ட இடத்தில் இது சில நாள்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. முதிராத உயிரணுக்கள் குவிந்து செதில்களாகின்றன. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அமைப்பு தவறாகத் தூண்டப்படுவதே இதற்குக் காரணம். மரபுக்கூறு அடித்தளம் இடுகிறது. தொண்டைத் தொற்று, மன அழுத்தம், புகைப்பழக்கம், சில மருந்துகள் ஆகியவை நோயைக் கிளறுகின்றன. இவ்வழற்சி தோலுக்குள் மட்டும் அடங்குவதில்லை என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி.

பின்விளைவுகள்

முதலாவது மூட்டழற்சி. சொரியாசிஸ் உடையவருள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர். பெரும்பாலும் தோல் நோய் தோன்றிச் சில ஆண்டுகள் கழித்தே இது வரும். காலையில் எழும்போது மூட்டுகள் நெடுநேரம் விறைத்திருத்தல், ஒரு விரல் முழுவதும் வீங்குதல், குதிகால் வலி ஆகியவை இதன் அடையாளங்கள். நகத்தில் ஊசி குத்தியதுபோன்ற குழிகள் தோன்றுவதும் ஓர் எச்சரிக்கையே. வயதின் வலி என்று காலம் கடத்தினால் மூட்டு நிலையாகச் சிதைந்துவிடக்கூடும். சிதைந்த மூட்டை மருந்தால் மீட்க இயலாது.

இரண்டாவது இதயமும் இரத்தக் குழாய்களும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், கல்லீரலில் கொழுப்புப் படிதல் ஆகியவை இந்நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. நோய் கடுமையாக உள்ளவர்க்கு மாரடைப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. கண்ணின் உட்பகுதியில் அழற்சி ஏற்படுவதும் உண்டு.

மூன்றாவது மனம். பிறர் பார்வைக்கு அஞ்சி நீண்ட கைச்சட்டைக்குள் ஒடுங்குவோர் மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாகின்றனர்.

செய்யத்தக்கவை

சொரியாசிஸை முற்றாக நீக்கும் மருந்து இன்றில்லை. ஆயினும் கட்டுப்படுத்தும் வழிகள் பல உள்ளன. களிம்புகள், புற ஊதாக்கதிர் சிகிச்சை, மெத்தோட்ரெக்சேட் முதலிய மாத்திரைகள், அழற்சியின் குறித்த கண்ணியைத் தடுக்கும் உயிரியல் ஊசிகள் ஆகியவற்றுள் ஏற்றதை மருத்துவர் தெரிவு செய்வார். உட்பொருள் குறிப்பிடாத 'அதிசய' மருந்துகளை வாங்குதல் ஆபத்தானது. அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் முழுவதும் தோல் சிவந்து உரியும் உயிராபத்தான நிலை உண்டாகலாம்.

2014ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரப் பேரவை சொரியாசிஸைத் தொற்றாத, நாட்பட்ட நோயாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானத்தின் பயன் நம் இல்லங்களையும் எட்ட வேண்டும். இந்நோயுடையோர் மருத்துவரிடம் செல்லும்போது தோலைக் காட்டுவதோடு நில்லாமல் மூட்டு வலியையும் மனத்துயரையும் எடுத்துரைக்க வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும். உடனிருப்போர் தயங்காது அவர்தம் கையைப் பற்றலாம்.