உயிர் காத்தோர் பெற்ற சிறப்பு

வீரம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே, வாளும் வேலும் ஏந்திப் பகைவரோடு பொரும் மறவரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். பகைவரை வெல்லுதல் வீரமே. ஆயினும், முன்பின் அறியாத ஒருவர் உயிரைக் காத்தற்பொருட்டுத் தன்னுயிரைப் பொருட்படுத்தாது முன்செல்லுதல் அதனினும் சிறந்த வீரமாகும். இவ்வுண்மையைத் தம் செயலால் நிலைநாட்டியவர் பலர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கடலோரக் காவற்படையைச் சார்ந்தவர். அவர்களுள் சிலர் ஆற்றிய அருஞ்செயல்களையும், அவற்றிற்காக அந்நாடு அவர்கட்கு அளித்த சிறப்புகளையும் இங்குக் காண்போம்.

1790ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், கருவூலச் செயலர் அலெக்சாந்தர் ஆமில்ட்டனின் வேண்டுகோளுக்கு இணங்கி, பத்துச் சிறு கலங்களைக் கட்டுதற்கு அந்நாட்டுப் பேரவை ஒப்புதல் அளித்தது. சுங்கவரி செலுத்தாது பொருள்களைக் கடத்துவோரைத் தடுத்தல் அக்கலங்களின் முதற்பணி. இது நிகழ்ந்து பல்லாண்டு கழிந்தபின், உடைந்த கப்பல்களில் தவிப்போரை மீட்கும் உயிர்காப்புத் துறை ஒன்று தனியே வளர்ந்தது. 1915ஆம் ஆண்டில் இவ்விரண்டும் ஒன்றாக்கப்பெற்றுக் கடலோரக் காவற்படை என்னும் பெயர் பெற்றன. 1939ஆம் ஆண்டில் கலங்கரை விளக்கத் துறையும் இதனோடு இணைந்தது. ‘எப்போதும் ஆயத்தம்’ என்பது இப்படையின் குறிக்கோளுரை.

கடலிலும் பிற நீர்நிலைகளிலும் இடருற்றோரைக் காப்பவர்க்கு வழங்குதற்கென்றே 1874ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் வாயிலாக உயிர்காப்புப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. அது தங்கம், வெள்ளி என இருவகைப்படும். பெரும் இடருக்கு அஞ்சாது செய்த ஒப்பற்ற செயலுக்கே தங்கப் பதக்கம் உரியது. படையினர் மட்டுமேயன்றிப் பொதுமக்களும் இதனைப் பெறலாம். இதனின் வேறாக, போர்க்களத்து வீரச் செயலுக்கு அந்நாடு வழங்கும் தலைசிறந்த விருது ‘கௌரவப் பதக்கம்’ என்பதாகும்.

தங்கப் பதக்கம் பெற்ற முதற்பெண்மணி ஐடா லூயிஸ் அம்மையார். ரோடு தீவு மாநிலத்து நியூபோர்ட்டுத் துறைமுகத்தில், ஒரு பாறைமேல் நின்ற கலங்கரை விளக்கத்திற்கு அவர் தந்தை காவலராயிருந்தார். தந்தை பக்கவாத நோயுற்றுச் செயலற்றபின், விளக்கேற்றும் பணி தாய்க்கும் மகளுக்கும் உரியதாயிற்று. இளம்பருவத்திலேயே படகு வலித்தலில் தேர்ந்த ஐடா, நீரில் வீழ்ந்தோர் பலரைத் தனியே சென்று கரைசேர்த்தார். 1881ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் படைவீரர் இருவர், உறைந்த நீர்ப்பரப்பின்மேல் நடந்து வருகையில் பனிக்கட்டி உடைந்து உள்ளே வீழ்ந்தனர். அவர்தம் கூக்குரல் கேட்ட ஐடா, தம் காலடியிலுள்ள பனியும் உடையக்கூடும் என்பதை அறிந்தும், கயிற்றுடன் ஓடிச்சென்று அவர்களைக் காத்தார். அச்செயலுக்கே அவர் பதக்கம் பெற்றார். 1911ஆம் ஆண்டில் தம் வாழ்நாள் முடியும்வரை அவ்விளக்கத்தின் காவலராகவே விளங்கினார். அவர் காத்த உயிர்கள் பதினெட்டு என்பர்.

இனி, கடலோரக் காவற்படையினருள் கௌரவப் பதக்கம் பெற்ற ஒரே வீரர் டக்ளஸ் மன்றோ ஆவார். இரண்டாம் உலகப் பெரும்போரில், 1942ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், பசிபிக் பெருங்கடலின் குவாடல்கனால் தீவில் இறங்கிய ஏறத்தாழ ஐந்நூறு அமெரிக்க வீரர்களைச் சப்பானியப் படை வளைத்துக்கொண்டது. அவர்களை மீட்கச் சென்ற சிறு படகுகளுக்கு மன்றோ தலைமை பூண்டார். கரையிலிருந்து குண்டுகள் மழையெனப் பொழிந்தன. இறுதியாக எஞ்சியோர் படகேறும்பொழுது, பகைவர்க்கும் அவர்களுக்கும் இடையே தம் படகைக் கேடயம் போல நிறுத்தினார். மீட்புப் பணி முடியும் தறுவாயில் குண்டொன்று பாய்ந்து அவர் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்திரண்டே. 1943ஆம் ஆண்டில் அவர்தம் பெற்றோர் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டின் கையிலிருந்து அப்பதக்கத்தைப் பெற்றனர். மகனை இழந்த தாய் எடித் மன்றோ, தாமும் அப்படையின் மகளிர் பிரிவிற் சேர்ந்து பணியாற்றினார் என்பது போற்றத்தக்கது. போர்க்களத்தில் தலைசிறந்த விருதைப் பெற்ற இவ்வீரரின் செயலும் உயிர் காத்த செயலே என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1952ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், மாசசூசெட்சு மாநிலக் கடற்கரைக்கு அப்பால், பெண்டில்டன் என்னும் எண்ணெய்க் கப்பல் புயலில் இரண்டாகப் பிளந்தது. அதன் பின்பாதியில் முப்பத்து மூவர் தவித்தனர். பெர்னார்டு வெப்பர் என்னும் இளைஞர், துணைவர் மூவருடன் முப்பத்தாறு அடி நீளமுள்ள ஒரு மரப்படகில் புறப்பட்டார். பேரலையொன்று படகின் கண்ணாடியை நொறுக்கித் திசைகாட்டியையும் அடித்துச் சென்றது. ஆயினும் அவர்கள் திரும்பவில்லை. இருளிலே கப்பலைக் கண்டு, கயிற்றேணி வழியே இறங்கியவர்களைப் படகில் ஏற்றினர். ஒருவரை மட்டும் அலை கொண்டது. ஏனைய முப்பத்திருவரும் கரையேறினர். வெப்பர்க்குத் தங்கப் பதக்கமும், துணைவர்க்கு வெள்ளிப் பதக்கமும் வழங்க மேலோர் கருதினர். நால்வரும் ஒன்றுபோல் இடரேற்றனர் ஆதலின், நால்வர்க்கும் ஒன்றே வழங்குதல் வேண்டும் என்று வெப்பர் உறுதியாக நின்றார். அவ்வண்ணமே நால்வரும் தங்கப் பதக்கம் பெற்றனர்.

காலத்தால் இதற்கு முற்பட்டதாயினும், பெற்ற சிறப்பால் பிற்பட்ட ஒரு செயலை இனிக் காண்போம். வட கரோலைனா மாநிலத்துக் கடற்கரையில், ‘பட்டாணித் தீவு’ எனப் பொருள்படும் பெயருடைய தீவொன்று உண்டு. 1880ஆம் ஆண்டில் அங்கிருந்த உயிர்காப்பு நிலையத்திற்கு ரிச்சர்டு எத்தரிட்ஜ் தலைவரானார். அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் படைவீரராகப் பணிபுரிந்த கறுப்பினத்தவர் அவர். அத்தகைய நிலையம் ஒன்றிற்குத் தலைமை தாங்கிய முதற் கறுப்பினத்தவரும் அவரே. அவர்கீழ்ப் பணியாற்றியோரும் அவ்வினத்தவரே.

1896ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், கடும்புயலில் ஒரு பாய்மரக் கப்பல் அத்தீவின் அருகே தரைதட்டியது. அதில் மீகாமனும் அவர்தம் மனைவியும் இளங்குழந்தையும் உட்பட ஒன்பதின்மர் இருந்தனர். இத்தகைய வேளையில், சிறு பீரங்கியால் கயிற்றைக் கப்பலுக்கு எறிந்து, அதன் மறுமுனையை மணலிற் புதைத்த கட்டையிற் பிணித்து, அதன் வழியே மக்களை ஒவ்வொருவராக இழுப்பது வழக்கம். அன்றோ கரைமுழுதும் நீர் பெருகிக் கட்டை புதைக்க இடமில்லை. படகு செலுத்தவும் இயலவில்லை. எத்தரிட்ஜ் ஒரு வழி கண்டார். வலிமையுடைய இருவரைக் கயிற்றால் ஒருங்கு பிணித்துக் கடலில் நீந்தச் செய்தார். கரையில் நின்றோர் கயிற்றின் முனையைப் பற்றிக்கொண்டனர். இவ்வாறு இருவர் இருவராக மாறிமாறிச் சென்று, குழந்தை முதலாக ஒன்பதின்மரையும் உயிருடன் கொணர்ந்தனர்.

இத்துணை அரிய செயலுக்கு அன்று பதக்கம் ஏதும் வழங்கப்படவில்லை. எத்தரிட்ஜ் 1900ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடன் நின்ற அறுவரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின், பழைய ஏடுகளை ஆராய்ந்தோர் சிலர் இக்குறையை எடுத்துக் காட்டினர். பதினான்கு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியும் குடியரசுத் தலைவர்க்கு இதுபற்றிக் கடிதம் எழுதினாள். 1996ஆம் ஆண்டில் அவ்வெழுவர்க்கும் தங்கப் பதக்கம் வழங்கப்பெற்றது. பெறுதற்கு அவர்களுள் ஒருவரும் உயிரோடு இல்லை!

இன்று லூயிஸ், மன்றோ, வெப்பர், எத்தரிட்ஜ் ஆகிய நால்வர் பெயர்களையும் தாங்கிய கலங்கள் அப்படையில் உள்ளன. மாணவர்களே, அன்றிரவு அலையில் இறங்கிய எழுவர் பதக்கத்தை எண்ணி இறங்கவில்லை. அது கிட்டாமையால் அவர்தம் பெருமை குறைந்துவிடவும் இல்லை. கடமையைச் செய்வது வீரரின் பொறுப்பு. அதனை மறவாது போற்றுவதோ, பின்வந்த நம்மனோர் பொறுப்பு. அப்பொறுப்பை நிறைவேற்றுதற்கு வயது ஒரு தடையன்று என்பதை அம்மாணவியின் கடிதம் நமக்குக் காட்டுகின்றது.