தீபாவளிச் சீட்டும் வைப்பு நிதியும்

தமிழகத்தின் பல ஊர்களில் ஒரு தீபாவளி முடிந்த கொஞ்ச நாளிலேயே அடுத்த தீபாவளிக்கான சீட்டு தொடங்கிவிடுகிறது. மாதம் 500 ரூபாய் கட்டினால், அட்டையில் அந்த மாதக் கட்டத்தில் ஒரு கையெழுத்து விழும். ஐப்பசியில் இனிப்பு, பட்டாசு, ஒரு எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் வீடு வந்து சேரும். வட்டிக் கணக்குப் போட்டால் இதில் பெரிய லாபம் இல்லை. ஆனாலும் இது பாராட்ட வேண்டிய ஏற்பாடு. பண்டிகைச் செலவுக்கென்று பணம் முன்கூட்டியே ஒதுங்கிவிடுவதால், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் கை வைக்கவோ கைமாற்று வாங்கவோ வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று உண்டு. 1909-இல் பென்சில்வேனியாவின் கார்லைல் நகர வங்கி ஒன்று கிறிஸ்துமஸ் சேமிப்புக் கணக்கைத் தொடங்கியது. எல்லாப் பணமும் ஒரே பணம்தான் என்றாலும், மனிதர்கள் அதை மனத்துக்குள் தனித்தனிக் கணக்குகளாகவே வைத்துக்கொள்கிறார்கள் என்று விளக்கியவர் ரிச்சர்ட் தேலர்; 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். கடுகு டப்பாவில் ஒன்று, அரிசிப் பானையில் ஒன்று என்று சிறுவாடு சேர்த்த பெண்களுக்கு இது பழகிய வித்தைதான்.

எதிர்காலத்துக்கான பணத்துக்குக் காலமே உரம். மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில், 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 12.2 லட்சமாகும். பத்து ஆண்டு தாமதித்து 20 ஆண்டுகள் மட்டும் கட்டினால் கிடைப்பது 5.2 லட்சம்தான். கட்டாமல் விட்டது 1.2 லட்சம், இழந்தது 7 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டே ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும் என்பதால், பீரோவில் வைத்த பணம் சேமிப்பாகாது. பொது வருங்கால வைப்பு நிதி போன்ற 15 ஆண்டுத் திட்டங்கள் இதற்குத்தான். சம்பளம் வந்த அன்றே இதற்கு எடுத்து வைத்துவிட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றால் எதுவும் மிஞ்சாது.

அளவு மீறிய சிக்கனத்துக்கும் விலை உண்டு. ரான் கிவெட்ஸ், அனாட் கெய்னன் ஆகிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறை முடிந்த உடனே மாணவர்கள் செலவழித்ததற்கு வருந்தினார்கள். காலம் கடந்தபோதோ அனுபவிக்காமல் விட்டதற்கே அதிகம் வருந்தினார்கள். தாத்தாவோடு பழனிப் படி ஏறுவது அவருடைய முழங்கால் ஒத்துழைக்கும் வரைதான். பத்து வயதுப் பிள்ளையோடு கடலில் கால் நனைப்பதும் அப்படித்தான். புது செல்போன் அடுத்த ஆண்டும் கடையில் இருக்கும். எனவே எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடக் கூடாது என்று பிரித்துப் பார்ப்பது, வருமானத்தில் எத்தனை சதவீதம் சேமிப்பது என்ற கணக்கை விடப் பயனுள்ளது.

கடன் வாங்கி அனுபவிப்பது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பல கிரெடிட் கார்டுகளில் நிலுவைக்கு ஆண்டு வட்டி 36 சதவீதத்தைத் தாண்டுகிறது. எந்தச் சேமிப்பும் அதற்கு ஈடு கொடுக்காது.

தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் கட்டிய தீபாவளிச் சீட்டுப் பணத்தோடு, நடத்தியவர் காணாமல் போவதும் நடக்கிறது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019-லேயே வந்துவிட்டது. பணம் போய்விடுமோ என்ற அச்சம் உள்ளவர்கள், ஐப்பசியில் முதிரும்படி வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். வங்கியில் ஒருவர் போடும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பாத்திரம் கிடைக்காது, ஆனால் பட்டாசுக்கும் பலகாரத்துக்கும் பணம் தவறாமல் கைக்கு வரும்.