வேப்பம்பழத்தை எந்தப் பருவத்தில் பொறுக்க வேண்டும்?

ஆனி, ஆடி மாதங்களில் வேப்பமரத்தடியெல்லாம் பழம் உதிர்ந்து கிடக்கும். அதைப் பொறுக்கிக் கொட்டை எடுத்து விற்பது கையில் முதல் இல்லாத குடும்பங்களுக்கும் ஒரு சிறு வருமானம். ஆனால் ஒரே அளவு உழைத்தும் ஒருவர் கொட்டை நல்ல விலைக்குப் போகிறது, இன்னொருவர் கொட்டை கழிக்கப்படுகிறது. பழம் எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது, எப்படிக் காய்ந்தது என்பதே இதற்கு முக்கியக் காரணம்.

வேப்பெண்ணெய் இருப்பது கொட்டைக்குள் உள்ள பருப்பில். பச்சைக் காயில் பருப்பு முற்றியிருக்காது, நீர்தான் அதிகம். காய்ந்தால் சுருங்கிவிடும். காய் முற்றிப் பழுக்கும்போது எண்ணெய் ஏறுகிறது. நன்றாக முற்றிக் காய்ந்த பருப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் எண்ணெய் இருக்கும்.

கசப்புச் சத்தின் கதை வேறு. வேப்பெண்ணெயிலிருந்து கசப்புப் பொருள்களை 1942-இல் முதலில் பிரித்தெடுத்தவர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற விஞ்ஞானி. பூச்சிகளைத் தின்னவிடாமலும் வளரவிடாமலும் தடுக்கும் அசாடிராக்டின் 1968-இல் கண்டறியப்பட்டது. காய் பச்சையிலிருந்து மஞ்சளாக மாறும் பருவத்தில்தான் இச்சத்து மிகுதி. பழம் அளவுக்கு மீறிக் கனிந்தால் குறைகிறது. உதிர்ந்த பழம் மழையில் நனைந்து கிடந்தால் கொட்டையில் பூஞ்சணம் பிடிக்கும், எண்ணெயும் காறல் அடிக்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை:

• பச்சைக் காயை உலுக்க வேண்டாம். மஞ்சளாகும்போது மரத்தடியில் துணி விரித்துச் சேகரியுங்கள்.
• உதிர்ந்ததை அன்றாடம் பொறுக்குங்கள். கறுத்த பழத்தைத் தனியே ஒதுக்குங்கள்.
• அன்றே சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் காய வையுங்கள். கடும் வெயிலில் கசப்புச் சத்து கெடும்.
• நன்றாகக் காய்ந்தபின் சணல் சாக்கில் கட்டுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சணம் நிச்சயம்.

பூந்தோட்டமும் காய்கறியும் வைத்திருப்போர் சொந்தமாகவே பூச்சி மருந்து தயாரிக்கலாம். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊற வைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டை இதற்கு உதவாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்து மலேசியாவில் குழந்தைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை 1981-இல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.