கேடயம் காசான கதை

எங்கள் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் கேடயம் என்றால் போர்க்கருவி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. திருவிழாவில் உற்சவர் எழுந்தருளிவரும் சிறு வாகனத்துக்கும் கேடயம் என்றே பெயர். பள்ளிப் போட்டியில் வென்றவர்கள் வாங்கிவருவது சுழற்கேடயம். வாள்வீச்சைத் தடுத்த பொருளின் பெயர் தெய்வத்தையும் வெற்றியையும் தாங்கத் தொடங்கிவிட்டது.

இலத்தீன் மொழியில் கேடயத்தைக் குறிக்கும் 'ஸ்கூட்டம்' இதைவிட நெடுந்தொலைவு சென்றுள்ளது. ரோமானிய வீரர்கள் ஏந்திய, மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டி வளைத்துச் செய்த பெரிய கேடயம் அது. இன்று ஆமை ஓட்டின் தகடுகளுக்கும், ஒரு விண்மீன் தொகுதிக்கும் அச்சொல்லே வழங்குகிறது. பொருளியல் ஆசிரியனான என்னை ஈர்ப்பது, அது பணமான கதை.

நாணயத்தில் அரச முத்திரையைக் கேடய வடிவில் பொறிப்பது ஐரோப்பிய வழக்கம். 1266-இல் பிரான்சின் ஒன்பதாம் லூயி வெளியிட்ட பொற்காசு, கேடயம் என்ற பொருளிலேயே 'எகூ' எனப்பட்டது. இத்தாலியில் 'ஸ்கூடோ', போர்ச்சுகலில் 'எஸ்கூடோ'. இந்த எஸ்கூடோ இந்திய மண்ணிலும் புழங்கியது. 1958-59-இல் போர்ச்சுகீசியர் கோவாவில் ரூபியாவை அகற்றி, ஒன்றுக்கு 6 எஸ்கூடோ என்ற கணக்கில் அதைப் புகுத்தினர். கோவா காலனியன்று, போர்ச்சுகலின் மாகாணமே என்று வாதாடிய அரசுக்கு நாணயமும் ஒரு சான்றாகத் தேவைப்பட்டது என்றே கருதுகிறேன். 1961 டிசம்பரில் கோவா விடுதலை பெற்றது. நான்கரை நூற்றாண்டு ஆட்சியின் அந்திமக் காலத்தில் வந்த அக்காசும் விரைவில் மறைந்தது.

கேடயம் வரியாகவும் மாறியது. இடைக்கால இங்கிலாந்தில், போருக்கு வர விரும்பாத நிலப்பிரபு மன்னருக்குப் பணம் செலுத்தலாம். அதன் பெயர் 'ஸ்கூட்டேஜ்'. கேடயக் காசு என்று சொல்லலாம். ஜான் மன்னர் இதை அளவின்றி வசூலித்தார். வெகுண்ட பிரபுக்கள் 1215-இல் மாக்னா கார்ட்டாவின் 12-ஆம் பிரிவில், நாட்டின் பொது ஆலோசனையின்றி இவ்வரியை விதிக்கலாகாது என்று எழுதவைத்தனர். மறு ஆண்டே மறுவெளியீட்டில் அப்பிரிவு விடுபட்டது. கருத்தோ அழியவில்லை, நாடாளுமன்ற ஒப்புதலின்றி வரி கூடாது என்று 1689-இன் உரிமைச் சட்டம் உறுதிசெய்தது.

சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்னும் நம் அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவும் அம்மரபில் வந்ததே. பொது நிதியியல் வகுப்புகளில் இப்பிரிவைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதன் வேரில் ஒரு கேடயம் கிடப்பதை மாணவர்களிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.