அறுபதுக்கு அப்பால் அந்தப் பணம் யாருக்கு?

செஞ்சியை அடுத்த தளவானூரில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில் இன்றும் உறுதியாக நிற்கிறது. பாறையை உடைத்துப் பிழைப்பவரின் நெஞ்சுக்கு அந்த உறுதி இல்லை. கல்தூசி நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் நோயாகி, ஆயுளைக் குறைக்கிறது.

ஆயுள் வசதிக்கேற்ப மாறும். அமெரிக்காவில் பெரும் பணக்காரரான ஒரு சதவீத ஆண்கள், பரம ஏழைகளான ஒரு சதவீத ஆண்களைவிட 14.6 ஆண்டுகள் கூடுதலாக வாழ்வதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயுள் பென்ஷனோ, சீக்கிரம் இறப்பவர் விட்டுச்செல்லும் பணத்தில் நெடுநாள் வாழ்பவருக்குப் படியளக்கும் ஏற்பாடு. எல்லோரையும் ஒரே கணக்கில் கட்டாயமாகச் சேர்த்தால், உழைத்துத் தேய்ந்தவரின் காசு வசதியானவர் பக்கம் போகும். பிரிட்டனில் நோயாளிகளுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் கூடுதல் பென்ஷன் தரும் ஆன்யுட்டிகள் (மொத்தத் தொகை கொடுத்து வாங்கும் ஆயுள் பென்ஷன்கள்) விற்கப்படுவது இதனால்தான்.

நம் கூலித்தொழிலாளர்களுக்கு 2019இல் வந்தது பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் பென்ஷன் திட்டம். 29 வயதில் சேர்ந்தால் மாதம் 100 ரூபாய். அரசும் அதே அளவு போடும். 60 முதல் மாதம் 3,000 ரூபாய். வாங்குபவர் இறந்தால் கணவனுக்கோ மனைவிக்கோ பாதி. இருவரும் போய்விட்டால் மிச்சத்தொகை திட்ட நிதிக்கே திரும்பும், பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. துணையில்லாத ஒருவர் 61இல் கண்மூடினால், 31 ஆண்டில் கட்டியது 37,200. கைக்கு வந்தது 36,000. வட்டியும் அரசுப் பங்கும் அவர் வீட்டுக்கு வராது.

2015இல் தொடங்கிய அடல் பென்ஷன் அப்படியல்ல. துணைக்கு அதே பென்ஷன் முழுதாகத் தொடரும். அவருக்கும் பிறகு, 1,000 ரூபாய் பென்ஷனுக்கு 1.7 லட்சமும் 5,000க்கு 8.5 லட்சமும் நாமினிக்குக் கிடைக்கும். 18 முதல் 40 வயது வரை வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேரலாம். வருமான வரி கட்டுபவருக்கு மட்டும் இடமில்லை.

தேசிய பென்ஷன் திட்டத்தில் இருப்பவர், 60இல் ஆன்யுட்டி வாங்கும்போது ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். போட்ட முதல் வாரிசுக்குத் திரும்புமா, துணைக்குப் பென்ஷன் தொடருமா என்று கேட்டு, அதைப் பாலிசியில் படித்துப் பார்க்க வேண்டும். முதல் திரும்பும் வகையில் மாதத்தொகை குறையும். உடல்நலம் குன்றியவர் குடும்பத்துக்கு அதுவே பாதுகாப்பு. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று மறுக்கலாம். நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஷ்ரம் யோகி மான்தனிலும் மிச்சத்தொகை நாமினிக்குப் போகும்படி மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும்.