டவுட் (ஆங்கிலச் சொல்)

டவுட் என்பது பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வழங்கும் ஓர் ஆங்கிலச் சொல் ஆகும். தமிழில் இதற்குச் சந்தேகம், ஐயம் எனப் பொருள் கூறுவர். எனினும் இரு மொழிச் சொற்களின் பொருள் எல்லையும் ஒன்றல்ல. சில இடங்களில் நேருக்கு நேர் மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாக மாறிவிடும்.

சொற்பிறப்பு

துபிதாரே என்னும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக இச்சொல் ஆங்கிலத்திற்கு வந்தது. முதலில் இதன் எழுத்துக்கூட்டலில் 'பி' இல்லை. இலத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பின்னர் அது சேர்க்கப்பட்டது. ஆகவே 'பி' எழுதப்படும், ஒலிக்கப்படாது.

வினா என்னும் பொருள்

பாடம் புரியாத மாணவர் "சார், ஒரு சந்தேகம்" என்பார். அதையே "ஐ ஹேவ் எ டவுட்" என்று ஆங்கிலத்தில் சொல்வது இந்தியாவில் இயல்பான வழக்கு. ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் டவுட் என்பது பொதுவாக நம்பிக்கையின்மையைக் குறிக்கும். 'நீங்கள் சொல்வது சரிதானா என்று தெரியவில்லை' என ஆசிரியர் புரிந்துகொள்ளக்கூடும். அங்கு "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்பதே பொருத்தம்.

டவுட், சஸ்பெக்ட் வேறுபாடு

"அவன்தான் திருடன் என்று சந்தேகிக்கிறேன்" என்றால், அவன் திருடியிருக்கலாம் என்று பொருள். இதற்கு ஆங்கிலத்தில் சஸ்பெக்ட் என்னும் வினையே உரியது.

ஐ சஸ்பெக்ட் ஹீ இஸ் த தீஃப் – அவன் திருடனாக இருக்கலாம் என நினைக்கிறேன்.
ஐ டவுட் ஹீ இஸ் த தீஃப் – அவன் திருடனாக இருக்கமாட்டான் என நினைக்கிறேன்.

முதல் வாக்கியம் ஒருவர்மீது குற்றம் சாட்டுகிறது. இரண்டாவது அவரைக் காக்கிறது. புகார்க் கடிதத்திலோ சாட்சியத்திலோ இவற்றை மாற்றி எழுதினால், சொல்ல வந்ததற்கு நேர்மாறான கருத்தே பதிவாகும்.

தொடர்கள்

நோ டவுட்: ஐயமில்லை என்பதே நேர்ப்பொருள். பேச்சு வழக்கில் 'அநேகமாக' என்ற அளவிலும் வரும்.

வித்தவுட் டவுட்: உறுதியாக.

பெனிஃபிட் ஆஃப் த டவுட்: சந்தேகத்தின் பலன். குற்ற வழக்கில் நியாயமான ஐயம் எஞ்சினால், அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவரையே சேரும். பொதுப்பேச்சில், ஒருவர் தவறு செய்தது உறுதியாகத் தெரியாதபோது அவரை நம்புவதைக் குறிக்கும்.

நினைவில் கொள்ள

தெரியாததைக் கேட்கும்போது கொஸ்டின், நம்பாதபோது டவுட், 'இருக்கலாம்' என்று ஐயுறும்போது சஸ்பெக்ட் எனக் கொண்டால் பிழை நேராது.